எதற்குத் தலையாட்டினார் மாஸ்டர்?

விளக்குக் கடைக்குப் போகிறவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள். மாஸ்டர் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்குக் கீழ வந்து நில்லு பாப்பா. ஆங், அப்படித்தான். இப்ப ஏதாவது பேசு.”

“என்னத்தப்பா பேசறது?”

“எதையாவது பேசு. ஆபீஸ்ல இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

பாப்பா என்றால் தொட்டில் பாப்பா இல்லை. படித்து முடித்து, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாலு பேரைக் கட்டி மேய்க்கிற பெண். அவள் அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்லித் தொலை, வீட்டுக்குப் போகணும் என்கிற மாதிரி அம்மா கையைக் காட்டினாள். சரியென்று அவளும் அந்தத் தொங்கு விளக்கின் அடியில் நின்றுகொண்டு, மேலாளரின் குடையை யாரோ மாற்றி எடுத்துப்போன கதையைச் சொன்னாள். மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“இது வேணாம். மூக்குக்குக் கீழ இருட்டா இருக்கு.”

கடைக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். சுவர் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்பார்கள், தூசி அடையும் என்பார்கள். மூக்குக்குக் கீழே இருட்டு என்று சொல்லி ஒரு விளக்கைத் தள்ளிய ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். “சார் என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டார். “சலூன் வச்சிருக்கார்” என்று மாஸ்டரின் மனைவி சொன்னாள். “அதானே பார்த்தேன்” என்று கடைக்காரர் சிரித்தார். எல்லாம் விளங்கிவிட்டதாம் அவருக்கு. ஒரு மண்ணும் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். மாஸ்டருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. சத்தம் கேட்கும், சொல் கேட்காது. யாராவது பேசினால் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு மட்டும் வரும். மீதியை அவர் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த வித்தையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவரும் உட்கார்ந்து படிக்கவில்லை. சலூனில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவன் வாடிக்கையாளரின் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்க்கிறான். பக்கத்து நாற்காலியில் மெஷின் ஓடும், ஹேர் டிரையர் இரையும், ரேடியோ பாடும். அந்த இரைச்சலில் வாலிப வயதிலிருந்து கண்ணாடியைப் பார்த்தே கதை கேட்டுப் பழகியவர். காது மெல்ல ஒதுங்கியபோது கண் அந்த வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்கு. முகம் பளிச்சென்று தெரியும். கடையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டிலும் இத்தனை நாள் வண்டி ஓடிவிட்டது. சாப்பாட்டு அறையில் அவர் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒரு டியூப் லைட் இருந்தது. எதிரே உட்காருகிற மனைவி முகத்திலும் மகள் முகத்திலும் வெளிச்சம் நேராக விழும். ஒரு வார்த்தை தப்பாது. தொலைபேசி அடித்தால் மட்டும் “நீயே பேசும்மா” என்று மனைவியிடம் நீட்டிவிடுவார்.

சொல்லிவிட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அச்சகம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் மாதாமாதம் முடிவெட்ட வருவார். ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் கடையில் கத்தரி நின்றுவிடும், அப்படிப் பேசுவார். காது போனதும் மகன் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆரம்பித்தான். மாஸ்டரும் மகனும் ஏதாவது பேசிச் சிரித்தால் பெரியவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “என்ன?” என்பார். “ஒண்ணுமில்லப்பா, விடுங்க. தலையைக் குனிங்க” என்பான் மகன். நல்ல பையன்தான், கோபமாகக்கூடச் சொல்லமாட்டான். கொஞ்ச நாளில் பெரியவர் என்ன என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். சொல்வதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டார்.

அதைப் பார்த்ததிலிருந்து மாஸ்டர் வீட்டில் யாரையும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பதே இல்லை. கேட்காவிட்டாலும் கேட்ட மாதிரி இருப்பார். ஒண்ணுமில்ல, விடுங்க என்று தன் பெண்டாட்டியும் பிள்ளையும் தன்னைப் பார்த்துச் சொல்கிற நாள் வரவே கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

இந்த லட்சணத்தில்தான் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். வீடு விசாலமாக இருக்கும், காற்று வரும் என்று மகள் சொன்னாள். வாஸ்தவம்தான். சுவரோடு சேர்ந்து டியூப் லைட்டும் போனதை மாஸ்டர் மட்டும்தான் கவனித்தார்.

மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. “இத்தனை வருஷம் என் நிழல்லயே நான் காய் நறுக்கியிருக்கேன். லைட்டு முதுகுக்குப் பின்னால, பலகை முன்னால. இனிமே எனக்குக் கத்தி தெரியணும்.” மேடைக்கு மேலே இருக்கிற அலமாரியின் அடியில் பட்டை விளக்கும், கூரையில் ஒரு வெள்ளை விளக்கும் என்று அது சட்டென்று முடிந்துவிட்டது. தகராறு சாப்பாட்டு மேசையில்தான்.

“டியூப் லைட்டே போடலாம்” என்றார் மாஸ்டர்.

“அப்பா, அது சலூன். இது வீடு” என்றாள் மகள். “சாப்பிடற இடத்துல கொஞ்சம் சாந்தமா வெளிச்சம் இருக்கணும்பா. மனசு விட்டுப் பேசத் தோணணும்.”

மனசு விட்டுப் பேசத்தானே நானும் சொல்கிறேன் என்று மாஸ்டருக்கு நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டார். விளக்குக் கடையில் ஒவ்வொரு விளக்காக அவளைப் பேசவைத்துப் பார்த்தார். மூன்றுக்கு மூக்கின் கீழ் இருட்டு, ஒன்றுக்குக் கண் கூசியது. கடைசியில் மகள் பொறுமை இழந்து, அவள் முதலில் ஆசைப்பட்டதையே எடுத்துக்கொண்டாள். கறுப்புத் தகட்டில், கவிழ்த்துவைத்த வாளி மாதிரி ஒன்று. உள்ளே மஞ்சள் பல்பு. மாஸ்டர் எதிர்த்துப் பார்த்தார். காரணம் சொல்லாமல் எவ்வளவு நேரம் எதிர்க்க முடியும்?

எலக்ட்ரீசியன் வந்து வாளியை மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிட்டான். “இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா” என்றார் மாஸ்டர். “இதான் சார் அளவு. மேல போனா எடுப்பா இருக்காது” என்றான் அவன். எடுப்பாக இல்லாமல் போய்விடுமாம். போகட்டுமே.

அன்று இரவு மகள் சமையலறை விளக்குகளை அணைத்துவிட்டு வாளியைப் போட்டாள். தட்டுகள் மின்னின. கீரை அப்படிப் பச்சையாக இருந்தது, ரொட்டி பொன்னாக இருந்தது, டம்ளரில் தண்ணீர்கூட அழகாக இருந்தது. கழுத்துக்கு மேலே ஒருவருமில்லை. எதிரே இரண்டு ஜோடிக் கைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, அதற்கு மேலே இருட்டுக்குள்ளிருந்து முணுமுணு என்று ஏதோ வந்தது.

“எப்படிப்பா இருக்கு?” என்றுதான் கேட்டிருப்பாள். “பிரமாதம்” என்றார் மாஸ்டர். அது சரியான பதிலாக இருந்தது. மாஸ்டருக்கு உயிர் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அவர் கண்ட வழி இதுதான்: அவர்கள் தோள் குலுங்கினால் தானும் சிரிப்பது, கை நின்றால் “அப்படியா” என்பது, இரண்டு பேரும் தன் பக்கம் சாய்ந்தால் ஏதோ கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு “அதுக்கென்ன, செஞ்சிடலாம்” என்று தலையாட்டிவிட்டுக் கீரையைக் கையில் எடுப்பது. பெரிய தப்பு எதுவும் வரவில்லை. ஒரு தடவை “அதுக்கென்ன, செஞ்சிடலாம்” என்றதும் மனைவி எழுந்துபோய் இன்னொரு கரண்டி பருப்பு கொண்டுவந்து ஊற்றினாள். வேண்டாத பருப்பைச் சாப்பிட்டார், வேறென்ன செய்ய?

பிறகு அந்த இரவு வந்தது. மகளின் கை தட்டில் நின்றது. மனைவியின் கையும் நின்றது. இருட்டிலிருந்து மகள் மெதுவாக, ரொம்ப நேரம், நடுவில் நிறுத்தி நிறுத்தி ஏதோ பேசினாள். சாதாரணப் பேச்சு இல்லை என்பது அந்த விரல்கள் ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டதிலேயே தெரிந்தது. மாஸ்டர் முன்னால் குனிந்து பார்த்தார். வாளிக்குள் இருந்த பல்பு கண்ணில் அடித்ததுதான் மிச்சம். பேச்சு நின்றது. இரண்டு பேரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

மாஸ்டர் சிரித்தார். தலையாட்டினார். “அதுக்கென்ன, செஞ்சிடலாம்” என்றார்.

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுற்றிவந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஈரம் பட்டது. அழுகிறாள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் கை நீண்டு வந்து அவர் கையைப் பிடித்து அழுத்தியது. மாஸ்டர் வாளியை அண்ணாந்து பார்த்தார். எதற்கு ஐயா தலையாட்டினோம்?

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியின் உதடு நன்றாகத் தெரிந்தது. “நீங்க இவ்வளவு சுலபமா ஒத்துக்குவீங்கன்னு நாங்க நினைக்கவே இல்லங்க” என்று டீயை நீட்டினாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. “எத்தனை நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டுத் தவிச்சோம் தெரியுமா?”

இப்போதாவது எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்டவன் மறுநாள் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று கேட்டால் அடுத்த கேள்வி என்ன வரும்? மாஸ்டர் சுற்றிவளைத்தார்.

“ஏம்மா, அதுல சிக்கல் ஒண்ணும் வராதே?”

“என்ன சிக்கல்? பாப்பா எல்லாம் விசாரிச்சுட்டா. அவகூட வேலை பாக்கற பொண்ணோட அண்ணனாம். ரொம்பப் பொறுமைசாலின்னு சொல்றாங்க.”

“ஓகோ.”

“உங்க கடை லீவு அன்னைக்குக் காலையில போறோம். அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்.”

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். கல்யாணம். வேறென்ன? பெண் ஒருவனைப் பார்த்துவைத்திருக்கிறாள், அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், அப்பாக்காரன் கீரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரியென்று சொல்லியிருக்கிறான். அவள் இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொள்வதில் மாஸ்டருக்கு ஒன்றும் வருத்தமில்லை. அதையா அவர் தடுக்கப்போகிறார்? ஆனால் பையன் யார், என்ன பெயர், என்ன வேலை, அவள் என்னென்ன சொன்னாள், எதைச் சொல்லும்போது தயங்கினாள், ஒன்றுமே தெரியாதே. பெற்ற பெண் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மனசைத் திறந்து சொன்னதை வாளிக்கு அடியில் தொலைத்துவிட்டார். அதுதான் அவரை அறுத்தது.

அன்று கடையில் வேலை ஓடவில்லை. வங்கி மேலாளரின் மீசையை ஒரு பக்கம் அதிகமாக எடுத்துவிட்டார். சமன் செய்ய மறுபக்கம் எடுத்தார், அது இன்னும் அதிகமாகிவிட்டது. கடைசியில் மீசையே இல்லை. மேலாளர் கண்ணாடியில் தன்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “போனாப் போகுது மாஸ்டர், எங்க வீட்டுல ரொம்ப நாளா எடுக்கச் சொல்லிட்டுதான் இருந்தாங்க” என்றார். நல்ல மனுஷர். வேறு யாராவது இருந்தால் நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பார்கள்.

அவர் போனபிறகு மாஸ்டர் அந்தக் காலி நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். ஒருநாளும் தவறவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் மறைத்தோம், மறைத்ததால்தான் தவறவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அச்சகப் பெரியவராவது ஒரு காலத்தில் ‘என்ன’ என்று கேட்டார். நான் அதையும் கேட்கவில்லையே. எழுந்தார், உதவியாளிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினார்.

மனைவி மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் அலுவலகத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. மாஸ்டர் செருப்போடு உள்ளே வந்தார், கூரை விளக்கைப் போட்டார், பட்டை விளக்கையும் போட்டார். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேடை ஓரத்தில் நிறுத்தினார். வாடிக்கையாளரைத் திருப்புகிற மாதிரி இரண்டு விரலால் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“அப்பா, என்னப்பா பண்றீங்க?”

“பாப்பா, அன்னைக்கு மேசையில என்கிட்ட என்ன கேட்ட? இன்னொரு தடவை சொல்லு. இங்க, வெளிச்சத்துல நின்னு சொல்லு. நான் அன்னைக்கு ஒண்ணையும் கேக்கல. சும்மா தலையாட்டிட்டேன். எனக்குக் காது கேக்கலடா. ரொம்ப நாளாவே கேக்கல. உதட்டைப் பாத்துதான் சமாளிக்கறேன். அந்த வாளிக்குக் கீழ உன் உதடு எனக்குத் தெரியல. பையன் யாரு, என்னன்னு முதல்லேருந்து சொல்லு. நான் மறுக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டுச் சரின்னு சொல்றேன்.”

மனைவியின் கத்தி பலகையில் நின்றது. மகள் அப்பாவையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக அவள் சொன்னது மாஸ்டருக்கு எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

“பையனா? அப்பா, ‘உங்களுக்குக் காது சரியா கேக்கலபோல இருக்கு, காது டாக்டர்கிட்ட போலாமா’ன்னு கேட்டேன்.”

மாஸ்டர் மகளின் தாடையை விட்டார். “அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான்.”

“அந்தப் பொறுமைசாலி?”

“அது டாக்டர்தாங்க” என்றாள் மனைவி.

முதலில் சிரித்தது யார் என்று பிறகு மூன்று பேருக்குமே நினைவில்லை. மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் அழுதாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“கடையில ஒவ்வொரு விளக்குக்குக் கீழயும் என்னைப் பேசச் சொன்னது இதுக்குத்தானா? மூக்குக்குக் கீழ இருட்டுன்னீங்களே.”

மாஸ்டர் தலையாட்டினார். இந்த முறை எதற்கு என்று தெரிந்து தலையாட்டினார்.

“நான் ஒரு முட்டாள்பா” என்றாள் மகள். “இதைப் பேசறதுக்குத்தான் அந்த விளக்கையே வாங்கினேன். மங்கலா இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுன்னு நினைச்சேன்.”

“முன்னமே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் மாஸ்டர் மனைவியைப் பார்த்து.

“எங்க சொல்றது? ஒரு தடவை டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கன்னு சொன்னதுக்கே ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க.” அதுவும் உண்மை.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் போய்வந்தார்கள். டாக்டர் பொறுமைசாலிதான். காதுக்கு மெஷின் வைத்தால் பெருமளவு சரியாகும், அளவெடுத்து வர இன்னும் சில நாளாகும் என்றார். மாஸ்டருக்கு ஏதோ ஒரு மூட்டையை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் விளக்குக் கடை. இந்த முறை மகளே ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் போய் நின்று வாயைத் திறந்து பேசினாள். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். பால் நிறக் கண்ணாடியில் உருண்டையாக ஒன்று. வெளிச்சம் நாலாபக்கமும் பரவியது, மூக்குக்கு மேலேயும் கீழேயும். “இதுதான்” என்றார் மாஸ்டர். எலக்ட்ரீசியன் அதை எடுப்பாக இல்லாத உயரத்தில் மாட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான். வாளி மகளின் படுக்கைக்குப் பக்கத்தில் போனது, அங்கே அது நன்றாகவே இருக்கிறது.

அன்று சாப்பிடும்போது மேசையில் முகங்கள் இருந்தன. மகளின் நெற்றியில் பரு ஒன்று புதிதாக வந்திருந்தது தெரிந்தது. மனைவி காதோரம் நரைத்திருப்பது தெரிந்தது. மாஸ்டர் குனிந்து பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போது மனைவி எழுந்து அடுப்பை நோக்கி நடந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். முணுமுணுப்பு மட்டும் வந்தது.

பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? தலை தானாக ஆட ஆரம்பித்தது. மாஸ்டர் அதை நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன?” என்றார்.

மனைவி திரும்பினாள். கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். மேசையைச் சுற்றி நடந்துவந்தாள், விளக்கின் கீழே அவருக்கு எதிரே குனிந்தாள், முகத்தில் விழுந்த கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

“பருப்புல உப்பு கம்மியான்னு கேட்டேங்க” என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். அதற்காக அவ்வளவு தூரம் நடந்துவந்திருந்தாள்.

“கொஞ்சம் கம்மிதான்” என்றார் மாஸ்டர். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.